படலையடியில் பையுடன் நின்ற ஆச்சி: மறதியும் சீனியும் மூளையின் எரிபொருளும்

"அம்மா விடியப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு படலையடியிலை போய் நிக்கிறா டொக்டர். 'வெளிக்கிடுங்கோ, இனி இஞ்ச இருக்கேலாது' எண்டுறா. என்னைப் பார்த்து, 'நீர் ஆற்றை பிள்ளை?' எண்டு கேக்கிறா."

இதைச் சொல்லும்போதே மகள் அழுதுவிட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த ஆச்சி வேறு யாருடையதோ கதையைக் கேட்பதுபோல இருந்தார். அப்போது காலை பத்தரை மணி. பேச்சில் குழப்பம் எதுவும் இல்லை. "சாப்பிட்டனியோ மோனை?" என்று என்னை விசாரித்தார்.

ஆச்சிக்கு வயது 74. முல்லைத்தீவு மாவட்டத்தில், குளமொன்றின் கீழ் வயல் செய்யும் கிராமம். கணவர் இல்லை. இளைய மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 14 வருடமாக நீரிழிவு, அதைவிடக் கூடிய காலமாகப் பிரஷர். நீரிழிவுக்கு மெற்போர்மின் 500 மில்லிகிராம் மூன்று வேளை, கிளிபென்கிளமைட் 5 மில்லிகிராம் காலையும் இரவும், பிரஷருக்கு லொசார்ட்டன் ஒன்று. இவற்றை ஒழுங்காகப் போடுகிறார். குளிசை தவறவிடாத ஆச்சி என்று கிளினிக்கில் நல்ல பெயர். (அவரை அடையாளம் காண முடியாதபடி சில குடும்ப விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டு மாதமாக மறதி கூடிக்கொண்டு வருகிறது என்றார் மகள். கேட்டதையே திரும்பக் கேட்பது, கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவது, ஒருமுறை கோயிலுக்குப் போய்த் திரும்பி வரும் வழி தெரியாமல் நின்றது. இவை மெல்ல மெல்ல வந்தவை. விடியப்புறக் குழப்பமோ கடைசி மூன்று மாதத்தில் தொடங்கியது. வீட்டாரைப் பயப்படுத்தியது அதுதான்.

முதலில் நாங்கள் நினைத்தது

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். காணி உறுதி, அடையாள அட்டை, குடும்ப அட்டை, ஒரு சேலை, ஒரு டோர்ச் லைட். 2009இல் போரின் கடைசி மாதங்களில் புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் மனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேரும்வரை அவர் கையில் வைத்திருந்ததும் இவைதான் என்றார் மகள்.

வன்னியில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆச்சிக்குப் பழைய இடப்பெயர்வு திரும்பி வருகிறது என்று ஊரே சொன்னது. வேறோர் இடத்தில் காட்டியபோது நித்திரைக் குளிசை கொடுத்திருந்தார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் எண்ணினேன். கொப்பியில் "போர் அனுபவத்தின் பின்னான மனநெருக்கடி, கூடவே முதுமை மறதி இருக்கலாம்" என்று எழுதி, மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இரவு என்ன சாப்பிடுகிறார் என்பது. கேட்கவில்லை.

இரண்டாம் முறை வந்தபோது பேத்தியும் கூட வந்தாள். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. விடியப்புறம் எழும்பிப் படிப்பவள் ஆகையால் அம்மம்மா எழும்புவதை முதலில் காண்பவளும் அவள்தான். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எழும்பினா, என்ன சொன்னா, எப்போது தெளிந்தா என்று 23 நாட்களுக்கு எழுதி வைத்திருந்தாள். இந்த நோயாளிக்குக் கிடைத்த மிகச் சிறந்த பரிசோதனை அந்தக் கொப்பிதான் என்று மனதாரச் சொல்வேன்.

ஒன்பது தரம் குழப்பம் வந்திருந்தது. ஒன்பதும் விடியப்புறம் மூன்றரைக்கும் ஆறுக்கும் இடையில். பகலில் ஒருதரமும் இல்லை. மூன்று தரத்துக்கு "சட்டை நல்லா நனைஞ்சிட்டுது" என்று எழுதியிருந்தாள். தெளிந்த நேரத்துக்குப் பக்கத்தில் "தேத்தண்ணி குடிச்சாப் பிறகு" என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. மிக மோசமான மூன்றும் சனிக்கிழமை விடியலில் வந்திருந்தன.

"வெள்ளிக்கிழமை ஆச்சி விரதமோ?"

"ஓம் டொக்டர், ஒருநேரச் சாப்பாடு. மத்தியானம் மட்டும்தான்."

மற்ற நாட்களின் இராச்சாப்பாட்டைப் பற்றியும் கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன் கிளினிக் ஒன்றில் "சீனி கூடக் கிடக்கு, இரவுச் சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆச்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இரவில் சீனி போடாத வெறும் தேத்தண்ணி, அதோடு குளிசை, பிறகு படுக்கை. வெள்ளிக்கிழமையானால் மத்தியானத்துக்குப் பிறகு எதுவுமே இல்லை, குளிசை மட்டும் உண்டு.

விடுதியில்

அன்றே விடுதியில் நிறுத்தினோம். வீட்டில் நடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பதால், இரவுத் தாதியிடம் ஆச்சியை மணிக்கு மணி கவனிக்கவும் விரலில் குத்திச் சீனி பார்க்கவும் சொன்னேன். மூன்று மணிக்கு டெசிலீற்றருக்கு 46 மில்லிகிராம். ஆச்சி கட்டிலில் எழுந்து இருந்து, வியர்த்து, பையைத் தேடிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதற்குப் பதில் இல்லை. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். 15 நிமிடத்தில் 92. அடுத்த 10 நிமிடத்தில், "நான் ஏன் பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறன்?" என்று தாதியைக் கேட்டார்.

சீனி ஏறியவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஆச்சி போட்ட கிளிபென்கிளமைட்டால் வரும் தாழ்சீனி, அதாவது இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்குவது, ஒருதரம் சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். சாப்பாடு கொடுத்து, அடிக்கடி சீனி பார்த்து, தேவைப்பட்டால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றி, ஒன்று இரண்டு நாள் விடுதியில் வைத்திருக்க வேண்டும். ஆச்சிக்கும் மறுநாள் பின்னேரம் மறுபடி 58க்கு இறங்கியது.

மற்றப் பரிசோதனைகளில், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியற்றினின் 1.6. இந்த வயதுப் பெண்ணுக்கு அதைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகமாக மாற்றினால் 34 அளவில் வரும். வெறும் 1.6 என்று பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், 34 என்று பார்த்தால்தான் பயம் வரும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை (HbA1c) 6.3 சதவீதம். கிளினிக் கொப்பியில் அதற்குப் பக்கத்தில் "நல்லது" என்று யாரோ சரி போட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் 9.8, அதாவது இரத்தச்சோகை. அது இந்தப் பரிசோதனையின் கணக்கைப் பிழையாக்கக்கூடும், ஆக அந்த 6.3ஐயும் முழுதாக நம்ப முடியாது. பி12 குறைவு. தைரொயிட்டும் உப்புகளும் சரி. சி.ரி. ஸ்கானுக்கு வெளி மாவட்டம் போக வேண்டியிருந்தது. இரத்தக் கசிவோ பெரிய அடைப்போ இல்லை. மூளை பொதுவாகச் சுருங்கியிருந்தது. நினைவுக்கு வாசலாக இருக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கம் சற்றுக் கூடுதலாக.

நடந்தது என்ன

மனித மூளையின் எடை உடலின் எடையில் 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். ஈரல்போல அதற்குச் சேமிப்பு இல்லை. வருகிறதை வந்த கையோடு எரித்துத்தான் வாழ்கிறது. அந்தச் சக்தியின் பெரும்பங்கு, நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசிய பிறகு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பழைய இடத்துக்கு இறைத்து வைப்பதற்குப் போகிறது. இறைப்பு நின்றால் அடுத்த சமிக்ஞை போகாது. நீர்ப்பம்பு நின்ற வயலை வைத்து இதைச் சொன்னபோது மகளுக்கு உடனே பிடிபட்டது.

குளுக்கோஸ் மூளைக்குள் போக இன்சுலின் தேவையில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் அதற்கென்று தனி வாசற்புரதம் உண்டு, நரம்புக்கலத்தின் சுவரில் இன்னொன்று. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து உள்ளே போகும். சீனி 54க்குக் கீழே போனால் முதலில் தடுமாறுவது மேல்மூளை. ஆளை அடையாளம் காண்பது, நாள் நேரம் அறிவது, இது இப்போது தேவையான வேலையா என்று நிதானிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மூச்சும் இதயமும் ஓடிக்கொண்டிருக்கும். இளவயதினருக்கு அதற்கு முன்பே கை நடுக்கமும் படபடப்பும் வந்து எச்சரிக்கும். வயதானவர்களிடம் அந்த எச்சரிக்கை மங்கிவிடுவதால், பலரில் குழப்பம்தான் முதல் அடையாளம்.

நிதானிக்கும் பகுதி தூங்கிப்போன நேரத்தில், உடம்பில் ஆழப் பதிந்த பழக்கம் எழுந்து நடந்தது என்றுதான் அந்தப் பையை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆகவே ஊர் சொன்னதும் முழுப் பிழை இல்லை. பை 2009இலிருந்து வந்தது. அதைத் தூக்க வைத்தது இரவுக் குளிசை.

கிளிபென்கிளமைட் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மருந்து. சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஈரல் அதை உடைத்த பிறகும் வரும் துண்டுகளுக்கு வேலை செய்யும் சக்தி உண்டு, அவற்றில் ஏறக்குறையப் பாதி வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் தளர்ந்தவரில் அவை தேங்கி நிற்கும். வடமத்திய மாகாணத்தில் பலகாலமாகப் பேசப்படும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்திலும் இருக்கிறது. நீரிழிவும் பிரஷரும் தம் பங்குக்குச் சிறுநீரகத்தைத் தின்கின்றன. எங்கள் பகுதியில் வயதானவர் ஒருவருக்கு இந்தக் குளிசையை எழுதுவதற்கு முன் கிரியற்றினின் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. பார்த்தால் பெரும்பாலும் எழுத மாட்டோம்.

விரதத்தைக் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆரோக்கியமான ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் இன்சுலின் இறங்கும், கொழுப்புக் கரையும், ஈரல் அதைக் கீட்டோன்களாக மாற்றும், மூளை அதை எரிக்கும். 1967இல் ஜோர்ஜ் கேஹிலின் குழுவினர், பல கிழமை உண்ணாநிலைச் சிகிச்சையில் இருந்தவர்களில் மூளையின் சக்தியில் பாதிக்கு மேல் கீட்டோன்களிலிருந்து வருவதைக் காட்டினார்கள். மனிதன் பட்டினியைத் தாண்டி வந்தது இந்த இரண்டாவது எரிபொருளால்தான். ஆச்சியின் உடம்பிலோ குளிசை இன்சுலினை இறங்க விடவில்லை. இன்சுலின் நிற்கும்போது கொழுப்புக் கரையாது, கீட்டோனும் வராது. சீனியும் இல்லை, அதற்கு மாற்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த மூளை இரண்டு கதவும் பூட்டிய வீடாக இருந்தது.

திருத்தியதும் மிஞ்சியதும்

கிளிபென்கிளமைட்டை நிறுத்தினோம். மெற்போர்மினை 500 மில்லிகிராம் இரண்டு வேளையாகக் குறைத்தோம். பி12 ஊசி தொடங்கினோம். மெற்போர்மினை நீண்டகாலம் எடுப்பவர்களில் பி12 குறைவது தெரிந்த விடயம், ஆச்சி மச்சமும் சாப்பிடுவதில்லை. நித்திரைக் குளிசை நின்றது. இரவு எட்டு மணிக்குக் குரக்கன் புட்டோ இடியப்பமோ கட்டாயம். மூன்று மாதச் சீனி 8 அளவில் நின்றால் போதும் என்று கொப்பியில் எழுதினேன். 6.3க்குச் சரி போட்ட கிளினிக் 8ஐக் கண்டால் திரும்பக் குளிசையைக் கூட்டிவிடும் என்ற பயத்தில் காரணத்தையும் சேர்த்து எழுதினேன்.

விரதம்தான் கடினமாக இருந்தது. ஐம்பது வருட வெள்ளி விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அம்மாளுக்கு நேர்ந்ததை டொக்டர் சொல்லி விடுறதோ?" என்று ஆச்சியும் கேட்டார். கடைசியில், மத்தியானம் ஒரு பிடி சோறு, இரவு பாலும் பழமும் பனங்கட்டித் துண்டும் என்று அவரே ஒரு வழி சொன்னார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் அந்த முறையிலேயே போய் வந்தார்.

அதன் பிறகு ஒரு விடியப்புறக் குழப்பமும் வரவில்லை. வீட்டார் எல்லாம் சரியென்று எண்ணினார்கள். எனக்கு அந்த நிம்மதி இருக்கவில்லை.

நினைவுப் பரிசோதனையை நாங்கள் விடுதியில், சீனி சரியாக இருந்த பகல் நேரத்தில் செய்திருந்தோம். 30க்கு 14. இந்தப் பரிசோதனையை அப்படியே இங்கே பிரயோகிப்பது நியாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடம் பென்சில் பிடிக்காதவரிடம் ஐங்கோணம் வரையச் சொல்வதில் என்ன தெரியும்? மாதம் கேட்டபோது "ஐப்பசி, விதைப்புக் காலம்" என்றார். ஒக்டோபர் என்று சொல்லவில்லை என்பதற்காக யாரும் புள்ளி குறைத்துவிடக் கூடாது. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதற்குப் பதிலாக நெல்லு மூடைக் கணக்குக் கேட்டேன், ஓரளவு சொன்னார். ஆனால் மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை. எடுத்துக் கொடுத்தும் வரவில்லை. அது பள்ளிக்கூடப் படிப்போடு சம்பந்தப்பட்டதல்ல.

மூன்று மாதத்தின் பின் 19. ஐந்து புள்ளி கூடியது பெரிய விடயம். ஆனாலும் அந்த மூன்று சொற்கள் அப்போதும் வரவில்லை. மெல்லத் தொடங்கியது, புது நினைவு பதியாதது, வழி தவறுவது, ஸ்கானில் தெரிந்த சுருக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அடியில் இருப்பது அல்சைமர் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். தாழ்சீனியும் பி12 குறைவும் அதன்மேல் ஏறிக் குந்தியிருந்த சுமைகள்.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். 1999இல் வெளியான ரொட்டர்டாம் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டார்கள். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தாழ்சீனியால் ஆஸ்பத்திரிக்குப் போன வயதானவர்களில் அந்த ஆபத்து மேலும் கூடுவதையும், அப்படி நேர்ந்த தடவைகள் கூடக்கூட ஆபத்தும் ஏறுவதையும் காட்டியது. மறுபக்கத்தில், மறதி உள்ளவர் சாப்பாட்டை மறப்பார், போட்ட குளிசையை மறந்து இன்னொன்றைப் போடுவார்.

அல்சைமரிலும் எரிபொருள் பிரச்சினைதான் நடக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கதிரியக்கக் குறி போட்ட குளுக்கோஸை ஏற்றிப் படம் எடுக்கும் பெற் ஸ்கானில், இந்த நோயாளிகளின் மூளையில் சில பகுதிகள் மங்கித் தெரியும். காதுக்கு மேலும் பின்னும் உள்ள பகுதிகள், மூளையின் நடுக்கோட்டின் பின்பகுதி ஆகியவை அவை. இரத்தத்தில் சீனி போதியளவு இருக்கும், ஆனால் அந்த இடங்கள் அதை எடுத்து எரிப்பது குறைந்திருக்கும். கை காலை அசைக்கும் பகுதியும் பார்வைப் பகுதியும் பெரும்பாலும் பிரகாசமாகவே இருக்கும். கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாத ஆச்சி, திண்ணையில் இருந்து பனையோலைப் பெட்டியை ஒரு பிழையில்லாமல் இழைப்பதை இது ஓரளவு விளக்குகிறது. இந்த ஸ்கானை வன்னியில் எடுக்க வழியில்லை. எடுத்திருந்தாலும் ஆச்சியின் சிகிச்சை மாறியிருக்காது.

முதுமையில் எல்லோருக்கும் மூளையின் குளுக்கோஸ் பாவனை கொஞ்சம் குறையும், முன்பக்கத்தில் கூடுதலாக. அல்சைமரின் குறைவு அதைவிடப் பெரியது, இடமும் வேறு. 1996இல் எரிக் ரெய்மனின் குழு, நோய் வரும் ஆபத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ 4 மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருந்த, நினைவு நன்றாக இருந்த நடுத்தர வயதினரைப் படம் எடுத்தபோதே அதே இடங்கள் மங்கியிருந்தன. அறிகுறிக்கு முந்தியே அது தொடங்கிவிடுகிறது. நரம்பு இணைப்புகள் அழிவதால் தேவை குறைகிறதா, எரிபொருள் கிடைக்காததால் இணைப்புகள் அழிகின்றனவா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. கனடாவின் ஷேர்புரூக்கில் ஸ்டீபன் கன்னேனின் குழு கண்டது இதில் முக்கியமானது: குளுக்கோஸை எடுக்கத் திணறும் அந்த மூளை, கீட்டோன்களை ஏறக்குறைய வழக்கம்போல எடுத்துக்கொள்கிறது. தேவை குறைந்தது மட்டும் காரணமென்றால் இரண்டும் குறைந்திருக்க வேண்டும். குளுக்கோஸைக் கையாளும் வழியிலேயே பழுது ஒன்று இருக்கிறது என்றுதான் நானும் எண்ணுகிறேன்.

தேங்காய் எண்ணெய்

கனடாவில் இருக்கும் மூத்த மகனிடமிருந்து ஒரு நாள் அழைப்பு வந்தது. தேங்காய் எண்ணெய் கொடுத்தால் அல்சைமர் மாறும் என்று வீடியோ பார்த்திருக்கிறார். தங்கச்சியிடம் சொல்லி, காலையும் பின்னேரமும் இரண்டு மேசைக்கரண்டி கொடுக்க வைத்திருந்தார். நாலாம் நாள் ஆச்சிக்கு வயிற்றோட்டம். தூரத்தில் இருந்து தாய்க்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தவிக்கும் பிள்ளையைக் கோபிக்க என்னால் முடியவில்லை. முழுவதையும் இருந்து விளங்கப்படுத்தினேன்.

அவர் கேட்டதில் உண்மையின் ஒரு நுனி இருக்கிறது. ஈரல் சுலபமாகக் கீட்டோனாக மாற்றுவது எட்டும் பத்தும் கார்பன் உள்ள கொழுப்பமிலங்களை. தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்து 15 சதவீதம் அளவுதான். ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம், அதிலிருந்து கீட்டோன் குறைவாகவே வரும். ஷேர்புரூக் ஆய்வில் மறதியின் ஆரம்பநிலையில் இருந்தவர்களுக்கு, பிரித்தெடுத்த அந்தக் கொழுப்பை நாளுக்கு 30 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். மூளை கீட்டோன் எடுப்பது கூடியது, சில சோதனைகளில் சிறு முன்னேற்றமும் தெரிந்தது. நோய் மாறவில்லை. அந்த ஆரம்பநிலையைத் தாண்டிவிட்ட, சிறுநீரகம் தளர்ந்த 74 வயது ஆச்சிக்கு வயிற்றோட்டத்தால் வரும் நீரிழப்பு, அந்தச் சிறு நன்மையைவிடப் பலமடங்கு ஆபத்து. சம்பலிலும் சொதியிலும் தேங்காய் போகட்டும், கரண்டியில் எண்ணெய் வேண்டாம் என்றேன்.

"மூன்றாம் வகை நீரிழிவு" என்ற பெயரையும் அவர் கேட்டார். 2005இல் ஆய்வாளர்கள் சிலர் அல்சைமருக்கு வைத்த பெயர் அது. ஆய்வுகூடத்தில் அதற்குப் பொருள் இருக்கலாம். மூக்கு வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை 2020இல் பயனில்லாமல் முடிந்தது. ஒரு குடும்பத்தின் காதில் அந்தப் பெயர் விழுந்தால் அவர்கள் செய்யும் முதல் வேலை, தாயின் சாப்பாட்டை இன்னும் குறைப்பதுதான். அதனால் அந்தச் சொல்லை நான் கிளினிக்கில் பாவிப்பதில்லை.

டொனெபெசில் 5 மில்லிகிராம் தொடங்கினோம், ஈ.சி.ஜி. பார்த்த பிறகு. நினைவுக்குத் தேவையான அசற்றைல்கோலினை அது உடையவிடாமல் காக்கும். பசியைக் குறைக்கும் மருந்து என்பதால் மாதாமாதம் நிறை பார்க்கிறோம். காது மந்தமாக இருந்தது, கேட்கும் கருவி கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆச்சிமார் இருவர் பின்னேரங்களில் வந்து கூட இருந்து பெட்டி இழைக்கிறார்கள். இந்த ஏற்பாடு பேத்தியுடையது.

ஒரு வருடத்தின் பின்

நினைவுப் பரிசோதனையில் 17. நோய் தன் வழியில் நகர்கிறது. விடியச் சீனி 138. நிறை ஒரு கிலோ கூடியிருந்தது. படலையடிக்கு அவர் போகவில்லை. பையைப் பற்றிக் கேட்டேன். கட்டிலின் தலைமாட்டு ஆணியில் கொளுவியிருக்கிறதாம், எடுக்க விடமாட்டாராம். "கிடக்கட்டும் மோனை, உறுதி அதுக்குள்ளை கிடக்கு" என்றார் ஆச்சி. காணி எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலின் கீழ் என்பதையும் பிழையில்லாமல் சொன்னார். அப்புறம் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டார், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் கேட்டார்.

பேத்தி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். கொப்பி தொடர்கிறது. இப்போது அதில் ஒரே ஒரு நிரல்தான்: இரவு என்ன சாப்பிட்டா. கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் நான் சிவப்பு மையால் எழுதினேன்: "கிளிபென்கிளமைட் இனிக் கொடுக்க வேண்டாம். குழப்பம் என்று கொண்டுவந்தால் முதலில் சீனி பார்க்கவும்."